முதல் ஏழு நாட்களுக்கு ஒரு சட்டம்

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005 செப்டம்பரில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்று, 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அதைத் திருத்த வேண்டும் என்று இத்தனை ஆண்டுகளில் எழுந்த குரல்கள் பெரும்பாலும் இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கின்றன. தண்டனை போதாது, அடிக்கிறவனை ஜாமீன் இல்லாமல் உள்ளே தள்ள வேண்டும் என்பது ஒரு பக்கம். பெண்களுக்கான சட்டங்கள் எல்லை மீறிவிட்டன, பொய் வழக்குகளால் குடும்பங்கள் சிதைகின்றன என்பது மறுபக்கம். எதிரெதிரே நின்றாலும் இருவரும் பேசுவது ஆணுக்கு என்ன தண்டனை, எவ்வளவு, எப்போது என்பதைப் பற்றித்தான். அடி வாங்கிய பெண்ணின் கேள்விகள் வேறு. இன்று ராத்திரி எங்கே படுப்பது, பிள்ளைகளை நாளைக்கு எப்படிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது, வீட்டுக்குள் கிடக்கும் ஆதார் கார்டையும் பாஸ்புக்கையும் யார் எடுத்துத் தருவது, அவன் குடித்துவிட்டு மறுபடி வந்தால் யாரைக் கூப்பிடுவது. இவற்றுக்கு முதல் ஏழு நாட்களுக்குள் விடை கிடைத்தாக வேண்டும். கிடைக்காவிட்டால் திரும்பிப் போவதா, பிறந்த வீட்டிலேயே ஒண்டிக்கொள்வதா, எல்லாவற்றையும் விட்டுக்கொடுப்பதா என்று அவளே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறாள். பிறகு வருகிற தீர்ப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் காலம் கடந்ததுதான். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சீர்தூக்கிப் பார்க்க இந்த முதல் வாரத்தைவிட நேர்மையான அளவுகோல் இல்லை.

சட்டத்தை எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. 1983இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 498ஏ பிரிவு சேர்க்கப்பட்டபோது கணவனும் அவன் வீட்டாரும் இழைக்கும் கொடுமை குற்றமானது. இன்று அதுவே பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86ஆம் பிரிவுகளாக இருக்கிறது. குற்றவியல் வழக்கு அவனைத் தண்டிக்கலாமே தவிர, அவளுக்கு ஓர் அறையையோ ஒரு மாதச் செலவையோ தராது என்பதைக் கண்டுதான், வழக்கறிஞர் இந்திரா ஜெய்சிங்கும் லாயர்ஸ் கலெக்டிவ் அமைப்பும் பெண்கள் இயக்கங்களும் உரிமையியல் நிவாரணம் தரும் தனிச் சட்டத்துக்காக ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். வந்த சட்டம் உடல், பாலியல், சொல், மனம், பணம் ஆகிய எல்லா வழியிலும் இழைக்கப்படும் வன்முறையை வரையறுத்தது. மனு நீதிமன்றத்துக்கு வந்த மூன்று நாட்களுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து அறுபது நாட்களுக்குள் முடிவு காண முயற்சி, இரண்டு நாட்களுக்குள் எதிர்மனுதாரருக்கு அறிவிப்பு என்று நாள் குறித்தது. பெண்ணின் பிரமாணப் பத்திரத்தை மட்டும் வைத்து, எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால ஆணை தரவும் குற்றவியல் நடுவருக்கு அதிகாரம் தந்தது. வீட்டை விட்டு வெளியேறும்படி ஆணுக்கு உத்தரவிடலாம். நகையையும் சீர்ப் பொருளையும் ஆவணங்களையும் திருப்பித் தரச் சொல்லலாம். ஆணையை நிறைவேற்ற உள்ளூர்க் காவல் நிலையத்தைத் துணைக்கு அனுப்பலாம். ஏட்டில் உள்ளபடி பார்த்தால் இது வேகமான சட்டம்.

இந்த வேகம் தரையில் என்ன ஆகிறது என்று பார்க்கத் திண்டுக்கல் மாவட்டத்து நிலக்கோட்டை நல்ல இடம். மாநகரமும் இல்லை, ஒன்றும் எட்டாத மலைக்காடும் இல்லை. தாலுகாத் தலைநகர், பேரூராட்சி. குற்றவியல் நடுவர் நீதிமன்றம், அனைத்து மகளிர் காவல் நிலையம், அரசு மருத்துவமனை மூன்றும் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. சுற்றுவட்டாரத்தின் பூ மார்க்கெட்டும் இங்கேதான். விடியுமுன் மல்லிகைத் தோட்டத்துக்குப் போய்ப் பூ எடுக்கும் பெண்களும், களை எடுக்கவும் மில்லுக்கும் போகும் பெண்களும் அன்றாடம் கூலி வாங்குகிறவர்கள். வேலைக்குப் போகாத நாள் கூலி இல்லாத நாள். அப்படிப்பட்ட ஒருத்திக்குச் சட்டம் நுழைவாசலாக வைத்திருப்பது பாதுகாப்பு அலுவலரை. குடும்ப நிகழ்வு அறிக்கையை எழுதுவது, மனு போட உதவுவது, அறிவிப்பைச் சேர்ப்பிப்பது, தங்குமிடமும் மருத்துவமும் கிடைக்கச் செய்வது என்று சட்டத்தின் கால்களாக இருக்க வேண்டியவர் அவர். கடந்த இருபது ஆண்டுகளின் பெரும்பகுதியில் அவர் இருந்தது மாவட்டத் தலைநகரில். 2011 கணக்கெடுப்பின்படி 21 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களும், பத்து தாலுகாக்களும், கொடைக்கானல் மலையும் கொண்ட திண்டுக்கல் மாவட்டத்தில் ஒற்றை அலுவலகம் எத்தனை வாசல்களுக்குப் போக முடியும்? ஆகவே பெண்கள் போவது காவல் நிலையத்துக்கு. அங்கே தமிழ்நாடு முழுவதும் பழகிப்போன வழி ஒன்று உண்டு: எழுதி வாங்குவார்கள், புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள், இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள், இனிமேல் அடிக்க மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புவார்கள். அந்தத் தாளுக்குச் சட்டத்தில் எந்த வலுவும் இல்லை. மீறினால் அவனுக்கு எதுவும் நேராது. நாலு எட்டில் இருக்கும் நடுவர் தரும் பாதுகாப்பு ஆணையை மீறினால் அதுவே குற்றம். காவல் நிலையத்திலிருந்து நீதிமன்றத்துக்குள்ள அந்தச் சிறிய தூரத்தைக் கடக்கத்தான் ஆள் இல்லை.

ஆள் இல்லாததன் விளைவு எண்களில் தெரிகிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் திருமணமான பெண்களில் 38.1 விழுக்காட்டினர் கணவனின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். நாட்டின் சராசரி 29.3. பெண் கல்வியிலும் பெண்கள் வேலைக்குப் போவதிலும் முன்னே நிற்பதாகச் சொல்லிக்கொள்ளும் மாநிலம் இதில் சராசரிக்கு மேலே நிற்கிறது. இங்கே பெண்கள் வாய்விட்டுச் சொல்லத் துணிவதும் இந்த எண்ணுக்கு ஒரு காரணமாக இருக்கலாம். அப்படியே இருந்தாலும் ஐந்தில் ஏறக்குறைய இருவர் என்பது சிறிய தொகை இல்லை. அதே ஆய்வு அகில இந்திய அளவில் இன்னொன்றையும் சொல்கிறது: வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடியவர்கள் 14 விழுக்காடு, உதவியும் தேடாமல் யாரிடமும் சொல்லவும் இல்லாதவர்கள் 77 விழுக்காடு. தேடியவர்களிலும் பெரும்பாலோர் போனது தாய்வீட்டுக்குத்தான். வழக்கறிஞரிடமோ சமூக நல அமைப்பிடமோ போனவர்கள் மிகமிகக் குறைவு. அந்தச் சிறு கூட்டத்துக்கே நீதிமன்றங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. 2022 ஜூலையில் இந்தச் சட்டத்தின் கீழ் நாடு முழுவதும் 4.7 லட்சம் வழக்குகள் தேங்கிக் கிடந்ததை 2023இல் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. பல மாநிலங்களில் மாவட்டத்துக்கு ஒரே ஒரு பாதுகாப்பு அலுவலர் இருப்பதால் ஒருவர் தலையில் சராசரியாக 500, 600 வழக்குகள் விழும், இது சற்றும் போதாது என்றும் சொன்னது. அதே வழக்கின் தொடர்ச்சியாக 2025 மே மாதம், மாவட்ட அளவிலும் தாலுகா அளவிலும் அலுவலர்களை அடையாளம் கண்டு பாதுகாப்பு அலுவலர்களாக அறிவிக்க வேண்டும் என்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டு ஆறு வாரக் கெடுவும் வைத்தது. சட்டம் வந்து ஒரு தலைமுறை வளர்ந்து ஆளான பிறகு, தாலுகா என்ற சொல் இந்த விவாதத்துக்குள் வந்து சேர்ந்திருக்கிறது.

அந்த உத்தரவை மாநிலங்கள் நிறைவேற்றும் விதத்தில் ஒரு பள்ளம் காத்திருக்கிறது. ஏற்கெனவே வேலை பார்க்கும் ஓர் அலுவலரின் பெயருக்குக் கீழே 'கூடுதல் பொறுப்பு' என்று இன்னொரு வரி சேர்த்து அரசாணை போடுவது எளிது. தாசில்தாரையும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரையும் அப்படிப் பாதுகாப்பு அலுவலர்களாக்கிய மாநிலங்கள் உண்டு. அவர்களுக்குச் சொந்த வேலை முடிந்து மிஞ்சும் நேரத்தில்தான் சட்டம் நடக்கும். தமிழ்நாட்டில் ஒன்றிய அளவிலேயே சமூக நல விரிவாக்க அலுவலரும் மகளிர் ஊர்நல அலுவலர்களும் இருக்கிறார்கள். எந்தத் தெருவில் யார் வீடு என்பது அவர்களுக்குத் தெரியும். இவர்களிலிருந்து தாலுகாவுக்கு ஒருவரையாவது வேறு வேலை இல்லாத பாதுகாப்பு அலுவலராக நியமித்து, சட்டப் பயிற்சியும் ஒரு தட்டச்சாளரும் வாகனமும் தந்தால், நிலக்கோட்டைப் பெண்கள் மனு எழுதுவதற்காகத் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏற வேண்டிய அவசியம் இருக்காது. அரசு மருத்துவமனையையும் இதோடு சேர்க்க வேண்டும். 'வழுக்கி விழுந்துட்டேன்' என்று சொல்லிக்கொண்டு காயத்துக்குத் தையல் போட வருகிறவள் சட்டத்தின் கண்ணில் படக்கூடிய முதல் இடம் அதுதான். விபத்துப் பதிவேட்டில் ஏ.ஆர். என்ட்ரி போடுகிறார்கள், காயத்தின் நீள அகலம் எழுதப்படுகிறது. குடும்ப நிகழ்வு அறிக்கை எழுதப்படாத நிலையில் மருத்துவமனையே அதை எழுதிப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும் என்று 2006ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அந்த ஒரு விதி ஒழுங்காக நடந்தாலே பின்னால் நீதிமன்றத்தில் சாட்சி தேடி அலைவது பாதியாகக் குறையும்.

ஆள் வந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. மூன்று நாட்களுக்குள் முதல் விசாரணை என்று எழுதியிருந்தாலும், இடைக்கால ஆணை தருவதற்குக் காலக்கெடு ஏதும் சட்டத்தில் இல்லை. அறிவிப்பு சேரவில்லை, எதிர்த்தரப்பு வக்கீல் நேரம் கேட்கிறார், நடுவர் விடுப்பு என்று வாய்தா மேல் வாய்தா விழுகிறது. ஒவ்வொரு வாய்தாவும் அவளுக்கு ஒரு நாள் கூலி. சட்டத்தில் செய்ய வேண்டிய முதல் திருத்தம் இந்த இடத்தில்தான்: உடனடி அபாயம் இருக்கும்போது ஏழு நாட்களுக்குச் செல்லுபடியாகும் அவசரப் பாதுகாப்பு ஆணை. இதற்கான வித்து நம் விதிகளிலேயே இருக்கிறது. வன்முறை நடக்கிறது என்று தொலைபேசியில் நம்பகமான தகவல் வந்தாலே பாதுகாப்பு அலுவலர் காவலர்களோடு அந்த இடத்துக்குப் போய் அறிக்கை பதிவு செய்து தாமதமின்றி நடுவரிடம் சேர்க்க வேண்டும் என்கிறது ஒன்பதாவது விதி. பிற நாடுகள் இதைத் தாண்டிப் போயிருக்கின்றன. மலேசியா 2017இல் தன் குடும்ப வன்முறைச் சட்டத்தைத் திருத்தி, சமூக நல அலுவலரே இரண்டு மணி நேரத்துக்குள் ஏழு நாள் அவசர ஆணை வழங்க வழிசெய்தது. ஆஸ்திரியாவில் 1997 முதல் ஆபத்தான ஆளை வீட்டை விட்டு வெளியேற்றும் அதிகாரம் காவல்துறைக்கு இருக்கிறது. இன்று அந்தத் தடை இரண்டு வாரம் நீடிக்கிறது. இலங்கையின் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் பாதிக்கப்பட்டவர் சார்பில் போலீஸ் அதிகாரியே மனுச் செய்யலாம். நீதவான் பதினான்கு நாள் இடைக்கால ஆணை தரலாம். நமக்கு மிக நெருக்கமான பாடம் பிரேசிலுடையது. நீதிமன்றங்கள் தொலைவில் இருக்கும் ஊர்களில் காவல் அதிகாரியே அடித்தவனை வீட்டை விட்டு அகற்றலாம், இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நீதிபதிக்குத் தெரிவித்து அவர் முடிவுக்கு விட வேண்டும் என்று 2019இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. 2022இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. தூரம்கூட ஒரு சட்டப் பிரச்சினைதான் என்று அந்த நாடு ஒப்புக்கொண்டிருக்கிறது.

ஒரு தரப்பைக் கேட்காமல் ஒரு மனிதனை அவன் வீட்டிலிருந்து வெளியேற்றுவது நியாயமா என்ற கேள்வி வரும், வர வேண்டியதும்தான். காவலருக்கோ அலுவலருக்கோ இப்படி ஓர் அதிகாரத்தைத் தந்தால் வேண்டியவன் வேண்டாதவன் பார்த்து நடப்பார்கள், சாதியும் பணமும் அதில் புகுந்து விளையாடும் என்ற அச்சத்தையும் தள்ளிவிட முடியாது. ஆகவே இந்தியாவுக்குப் பொருத்தமானது பிரேசிலின் காவல் அதிகாரமோ மலேசியாவின் அலுவலர் அதிகாரமோ அப்படியே அல்ல. ஆணை நடுவருடையதாகவே இருக்கட்டும். மனு வந்த அன்றோ மறுநாளோ, தேவைப்பட்டால் காணொளி வழியாகவோ, பிரமாணப் பத்திரத்தையும் நிகழ்வு அறிக்கையையும் பார்த்து நடுவர் முடிவெடுத்தாக வேண்டும் என்று சட்டமே கட்டளையிடட்டும். ஆணை ஏழு நாட்களில் தானாகக் காலாவதியாகட்டும்; அதற்குள் எதிர்த்தரப்பு வந்து தன் பக்கத்தைச் சொல்ல ஒரு நாள் ஒதுக்கப்படட்டும். இதில் யாரும் கைதாவதில்லை, யார் மீதும் குற்றவாளி என்ற முத்திரை விழுவதில்லை. இந்தச் சட்டத்தின் கீழ் வரும் மனு உரிமையியல் தன்மை கொண்டது, எதிர்மனுதாரர்களைக் குற்றம் சாட்டப்பட்டவர்களைப் போல நடத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் தெளிவாகச் சொன்னது. அந்தத் தீர்ப்பு ஆண்களுக்குத் தந்த பாதுகாப்பையே என் வாதத்துக்கும் துணையாகக் கொள்கிறேன். ஆணையின் சுமை இலேசானதாக இருக்கும்போதுதான் அதை வேகமாகத் தர முடியும். ஒரு வாரம் அண்ணன் வீட்டில் தங்குவது அவனுக்கு நேரும் இழப்பு. அந்த ஒரு வாரம் அதே வீட்டில் அவனோடு இருப்பது அவளுக்கு எதை இழக்கச் செய்யும் என்பதை ஏ.ஆர். பதிவேடுகள் சொல்லும்.

அடுத்த மறுப்பு பொய் வழக்கு என்பது. இதற்குப் பதில் சொல்லாமல் எந்தத் திருத்தமும் நாடாளுமன்றத்தின் வாசலைத் தாண்டாது. 498ஏ வழக்குகளில் தண்டனை விகிதம் 15 விழுக்காடுதான் என்பதை 2014இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் சுட்டிக்காட்டி, யோசிக்காமல் கைது செய்யக் கூடாது என்றது. அன்றிலிருந்து அந்த எண், 85 விழுக்காடு பொய் என்பதற்கான ஆதாரமாகக் கையாளப்படுகிறது. அதே தீர்ப்பில் இன்னோர் எண்ணும் இருக்கிறது, அதை யாரும் எடுப்பதில்லை: இந்தப் பிரிவில் குற்றப்பத்திரிகை தாக்கலாகும் விகிதம் 93.6. பத்தில் ஒன்பது வழக்குகளில் முகாந்திரம் இருப்பதாகக் காவல்துறையே கருதியிருக்கிறது. அதற்கும் தீர்ப்புக்கும் இடையிலான ஆண்டுகளில் சமரசம் நடக்கிறது, சாட்சி பிறழ்கிறது, நகையைத் திருப்பித் தருவதற்கு விலையாக வழக்கு கைவிடப்படுகிறது. விடுதலைகளையெல்லாம் பொய்யின் கணக்கில் எழுத முடியாது. பொய்யான புகார்களும் உண்டுதான். எல்லாச் சட்டத்திலும் உண்டு. அவை பெரும்பாலும் கைது என்ற ஆயுதத்தைச் சுற்றியே வளர்கின்றன. அடிக்காதே, வீட்டில் இருக்க விடு, பிள்ளைக்குச் சாப்பாட்டுக்குக் கொடு என்று சொல்லும் உரிமையியல் ஆணையைப் பொய் சொல்லி வாங்கி ஒருத்தி யாரை மிரட்டிவிட முடியும்? இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 498ஏ புகார் வந்தபின் இரண்டு மாதம் கைது கூடாது, குடும்ப நலக் குழு பேசிப் பார்க்கட்டும் என்ற அலகாபாத் உயர் நீதிமன்ற வழிமுறைகளை ஏற்றது. குற்றவியல் வழியை இப்படித் தாமதப்படுத்துவது சரியா என்பது தனி விவாதம். தாமதம் வந்துவிட்டது. அந்த இரண்டு மாதமும் அவளைக் காக்கப்போவது உரிமையியல் ஆணை மட்டும்தான். ஆகவே பொய் வழக்கைப் பற்றி மெய்யாகவே கவலைப்படுகிறவர்கள் இந்த 2005ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பலப்படுத்தச் சொல்லிக் கேட்பதுதான் முறை.

மூன்றாவது மறுப்பு நம் ஊரின் மண்ணிலிருந்து வருவது: குடும்ப விஷயத்தில் கோர்ட்டு எதற்கு, பேசி முடித்தால் ஆயிற்று. அடிக்கிற கைதான் அணைக்கும் என்ற பழமொழி இந்தப் பேச்சுக்குப் பின்னால் எப்போதும் நிற்கும். பேசுவதையே தவறென்று தள்ள முடியாது. பிரிந்து போவதை எல்லாப் பெண்களும் விரும்புவதில்லை. பலர் கேட்பது குடும்பம் இருக்கட்டும், அடி மட்டும் நிற்கட்டும் என்பதுதான். அதற்குத் திருமண முறிவு வழக்கு தேவையில்லை. தேவை இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு ஆணை. ஆனால் பேச்சுக்கு முறை வேண்டும். நீதிமன்றம் அனுப்பும் ஆலோசனையில், அடித்ததற்கு எதிர்த்தரப்பு எந்த நியாயமும் சொல்லக் கூடாது, அப்படிச் சொல்ல அனுமதி இல்லை என்பதை அவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று சட்டத்தின் விதி சொல்கிறது. மிகுந்த அனுபவத்திலிருந்து எழுதப்பட்ட விதி அது. ஊர்ப் பெரியவர்கள் முன்னாலும் காவல் நிலைய மேசையிலும் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இதற்கு நேர் எதிராகப் போகிறது. 'நீ என்ன சொன்னே, அவன் ஏன் அடிச்சான்' என்றுதான் தொடங்குகிறது. நியாயம் சொல்ல இடம் கொடுத்த உடனே அடி, விவாதத்துக்குரிய ஒரு கருத்தாக மாறிவிடுகிறது. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தன் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையத்தைத் திறந்த தமிழ்நாடு, பெண்கள் தயங்காமல் நுழையக்கூடிய ஒரு வாசலை நாட்டுக்குக் காட்டியது. அந்த வாசல் வழியே வருகிற ஒவ்வொருத்திக்கும் இந்தச் சட்டத்தின் கீழுள்ள உரிமைகளைச் சொல்ல வேண்டும் என்பது ஐந்தாவது பிரிவு காவலர்மீது சுமத்தும் கடமை. சி.எஸ்.ஆர். ரசீது கொடுக்கும் அன்றே பாதுகாப்பு அலுவலருக்கும் தகவல் போக வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும். அலுவலர் உடன் இருக்க, மனு நீதிமன்றத்தில் இருக்க, பேச்சு பக்கவாட்டில் நடக்கட்டும்.

வீடு யாருடையது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல நீதிமன்றங்களுக்கே நெடுங்காலம் பிடித்தது. பகிர்ந்து வாழும் வீட்டில் இருக்கும் உரிமையைப் பதினேழாவது பிரிவு தந்த சில வாரங்களிலேயே, 2006 டிசம்பரில், மாமியார் பேரில் உள்ள வீட்டில் மருமகள் உரிமை கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கூட்டுக் குடும்பமும் பெற்றோர் பேரில் பட்டாவும் இயல்பான ஒரு நாட்டில் இது சட்டத்தின் அடித்தளத்தையே உருவியது. 2020 அக்டோபரில்தான் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் தவறென்று மாற்றியது. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் வெளியே அனுப்பப்பட்டவர்களுக்கு அந்தத் திருத்தம் வந்து சேரப்போவதில்லை. முதியோர் நிலை என்ன என்ற கேள்வியும் நியாயமானது. மகனின் கொடுமைக்கு வயதான பெற்றோர் ஏன் வீட்டை இழக்க வேண்டும்? மூத்த குடிமக்கள் சட்டத்தையும் இந்தச் சட்டத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும், ஒன்றைக் கொண்டு மற்றொன்றின் உரிமையைப் பறிக்கக் கூடாது என்று 2020 டிசம்பரில் வந்த தீர்ப்பு நிதானமான வழி. வாடகை வீடானால் வாடகை கட்டச் சொல்லவும், அதே தரத்தில் மாற்று வீடு பார்க்கச் சொல்லவும் சட்டத்தில் இடம் உண்டு. இதேபோல, ஓராண்டு கடந்துவிட்டது என்று காரணம் சொல்லித் தமிழ்நாட்டில் ரத்து செய்யப்பட்ட ஒரு மனுவை மீட்டு, இந்த மனுக்களுக்கு அந்தக் காலவரம்பு பொருந்தாது என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. தீர்ப்புகள் வழியே சிறுகச் சிறுகக் கிடைத்த இந்தத் தெளிவுகளையெல்லாம் சட்டத்தின் வாசகத்துக்குள்ளேயே கொண்டுவருவது இரண்டாவது திருத்தமாக இருக்க வேண்டும். ஜீவனாம்ச ஆணையையும் வசிப்பிட ஆணையையும் மீறுவது முப்பத்தோராம் பிரிவின் கீழ் தண்டனைக்குரியதா என்பதில் உயர் நீதிமன்றங்கள் இன்னும் வெவ்வேறு திசையில் நிற்கின்றன. அதையும் நாடாளுமன்றம் ஒரு வரியில் தீர்த்துவிடலாம்.

பணம் பற்றிய பிரிவில்தான் சட்டம் எந்த வர்க்கத்தை நினைத்து எழுதப்பட்டது என்பது வெளிப்படுகிறது. கணவன் பணத்தைக் கொடுக்காவிட்டால் அவனுக்குச் சம்பளம் தருகிற நிறுவனத்திடமிருந்தே நேராகப் பிடித்துக்கொடுக்கும்படி நடுவர் உத்தரவிடலாம். அரசு ஊழியன் மனைவிக்கும் கம்பெனி ஊழியன் மனைவிக்கும் இது உதவும். நிலக்கோட்டைப் பக்கத்தில் லோடு ஏற்றுகிறவன், பெயின்ட் அடிக்கிறவன், சீசனுக்குக் கேரளா போகிறவன், ஆக்டிங் டிரைவர் ஆகியோரின் சம்பளத்தை யாரிடமிருந்து பிடிப்பது? நிலுவைக்காக அவனைச் சிறையில் வைத்தால் இருந்த வருமானமும் நின்றுபோகும். அதை அறிந்தே பல பெண்கள் நிறைவேற்று மனு போடுவதில்லை. ஜெர்மனியில் 1980 முதல், தந்தை தராத குழந்தைப் பராமரிப்புத் தொகையை அரசே முன்பணமாகத் தந்துவிட்டுப் பிறகு அவனிடம் வசூலித்துக்கொள்கிறது. நடுவர் ஆணையிட்ட இடைக்காலத் தொகையில் ஒரு பகுதியையாவது முதல் ஆறு மாதம் அரசு முன்பணமாகத் தரலாம். வருவாய் நிலுவையைப் போல அவனிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம். கஜானா தாங்காது என்பது இதற்கு வரும் முதல் பதில். ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பத் தலைவிகளின் கணக்கில் 2023 செப்டம்பரில் மாதந்தோறும் ஆயிரம் ரூபாய் செலுத்தத் தொடங்கிய மாநில அரசு இது. பணத்தைச் சேர்ப்பிக்கும் வழி அதனிடம் தயாராக இருக்கிறது. நீதிமன்ற ஆணை பெற்ற பெண்களின் தொகை அந்தக் கோடியின் பக்கத்தில்கூட வராது. அவள் திரும்பிப் போவதற்கான காரணங்களில் பயத்துக்கும் பாசத்துக்கும் முன்னால் பல நேரம் நிற்பது அடுத்த வாரத்து அரிசிதான். ஆகையால் இதைச் சலுகையின் கணக்கில் எழுதாமல் பாதுகாப்பின் கணக்கில் எழுத வேண்டும்.

இவற்றில் எதற்கு நாடாளுமன்றம் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்துக்கொண்டால் பொறுப்பு யாருடையது என்பது தெளிவாகும். அவசர ஆணைக்குக் காலக்கெடு, முப்பத்தோராம் பிரிவின் விரிவு, வீட்டுரிமையின் வாசகம் இவை மூன்றும் தில்லியில் ஆக வேண்டியவை. தாலுகாவுக்கு ஒரு முழுநேரப் பாதுகாப்பு அலுவலர், காவல் நிலையத்திலிருந்தும் அரசு மருத்துவமனையிலிருந்தும் அவருக்கு அன்றன்றே போகும் தகவல், முன்பண நிதி ஆகியவற்றைச் சென்னையே செய்யலாம். பாதுகாப்பு அலுவலரை எத்தனை பேர், எங்கே என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை எட்டாவது பிரிவு தொடக்கத்திலிருந்தே மாநில அரசிடம்தான் தந்திருக்கிறது. இதோடு ஒரு கணக்கையும் மாநில அரசு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். எத்தனை மனுக்கள், எத்தனை முடித்துவைப்பு என்பது பழைய கணக்கு. அதில் சமரசமும் சலிப்பும் ஒரே எண்ணாகிவிடுகின்றன. தாலுகா வாரியாக, ஒரு பெண் முதன்முதலில் புகார் சொன்ன நாளுக்கும் அவள் கையில் முதல் ஆணை கிடைத்த நாளுக்கும் இடையே எத்தனை நாட்கள் என்பதே புதிய கணக்காக இருக்கட்டும். அந்த எண் ஏழுக்குள் இருக்கும் தாலுகாவில் இந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது என்று சொல்லலாம். ஏழைத் தாண்டிய இடங்களில் அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்றே கொள்ள வேண்டும்.